அண்ணியின் பெட்டிக்கு இரண்டு காத்தாடி

தெருவில் அவரைக் காத்தாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடம் சீலிங் ஃபேனுக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டியவர். பிறகு பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டு, மறுபடி மாட்டி, அந்த வேலையையும் தானாகவே கற்றுக்கொண்டார். எந்தக் கம்ப்யூட்டர் பழுதுக்கு வந்தாலும் முதலில் அதன் காத்தாடியைத்தான் சுற்றிப் பார்ப்பார். தூசி என்றால் அவருக்கு ஆகவே ஆகாது.

அவருடைய இறந்துபோன அண்ணனின் மனைவி இரண்டு வீடு தள்ளி இருந்தார். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து அனுப்புவது அண்ணியின் வேலை. அவருக்கும் மகளுக்கும் சாப்பாடு அதில்தான். பின்னால் கம்ப்யூட்டர் இரைகிறது என்று இரண்டு முறை பதிவு திரும்பி வந்துவிட்டது. மூன்றாவதும் திரும்பினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். இருப்பதோ ஒரே அறை; கம்ப்யூட்டர் பெட்டியைத் தள்ளி வைக்க வழியில்லை.

கொழுந்தனார் பெட்டியைத் திறந்தார். உள்ளே மூன்று சின்னக் காத்தாடிகள் உயிரைக் கொடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தன. சின்னது அலறிக்கொண்டு தள்ளும் காற்றைப் பெரியது சாவகாசமாகச் சுற்றியே தள்ளிவிடும். கடையில் காத்தாடி அட்டைகளில் அச்சிட்டிருந்த எண்களை ஒப்பிட்டு, இருப்பதிலேயே சத்தம் குறைந்த பெரிய காத்தாடி இரண்டை வாங்கி வந்து மாட்டினார். தூசி புகாமலிருக்க முன்பக்கம் நெருக்கமான நைலான் வலை ஒன்றையும் கட்டினார். அதை யாரும் கேட்கவில்லை; அவருடைய ஆசை. அறை அடங்கிப்போனது. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை, நாற்பதாவது பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் சூடேறி அணைந்தது. வாசித்தது எதுவும் மிஞ்சவில்லை.

கொழுந்தனார் வந்து காகிதத் துண்டு ஒன்றை வலைமேல் வைத்தார். காற்று இழுத்தால் அது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். நழுவிக் கீழே விழுந்தது. கூரையில் தொங்கும் காத்தாடிக்கு எதிரே தடுப்பு என்று எதுவும் கிடையாது. பெட்டியில் இருப்பதோ வலைக்கு வெளியிலிருந்து மூச்சு இழுக்க வேண்டும். இருபது வருடப் பழக்கம் அதை யோசிக்க விடவில்லை. அந்த வலையைப் பிய்த்துவிட்டுச் கண் சற்றுப் பெரிதான வலையைப் போட்டார். காத்தாடிகளையும் மாற்றினார், இந்த முறை இறக்கை அகலமாக, தடுப்பை மீறி இழுக்கக்கூடியவை. வேகத்தையும் கூட்டினார். காகிதம் ஒட்டிக்கொண்டது. ஆனால் அண்ணியின் முகம் தெளியவில்லை.

"ஊசி மாதிரி ஒண்ணு கேக்குது தம்பி."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே அண்ணி."

"உங்களுக்கு எங்க கேக்கும்? உங்க வீட்டுக்காரி கூப்பிடறதே கேக்கறதில்ல."

"அது கேக்கும். எழுந்திரிக்கத்தான் மாட்டேன்."

அண்ணி சிரிக்கவில்லை. அவர் பெட்டியில் காதை ஒட்டி வைத்துக் கேட்டுப் பார்த்தார். காற்றோட்டம் மட்டுமே கேட்டது. மகளைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு அவளும் கொசு போல ஏதோ ரீங்காரம் இருப்பதாகச் சொன்னாள். வருடக்கணக்கில் பட்டறைச் சத்தம் தன் காதில் எவ்வளவு தின்றிருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப நீங்க காதா இருங்க அண்ணி. நான் கையா இருக்கேன்."

அண்ணி கண்ணை மூடி உட்கார்ந்தார். ரீங்காரம் கேட்கும்போது விரலைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும், நின்றால் இறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கொழுந்தனார் காத்தாடியின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். விரல் இறங்கவில்லை. பெட்டியின் தகட்டை உள்ளங்கையால் அழுத்தியதும் சட்டென்று இறங்கியது. கையை எடுத்தார், விரல் ஏறியது. காத்தாடியின் அதிர்வில் தகடுதான் பாடியிருக்கிறது. காத்தாடிக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் வளையம் வைத்துத் திருகினார். விரல் மடியிலேயே கிடந்தது.

அண்ணி முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசித்தார். மறுபடி அணைந்துவிடுமோ என்ற பயத்தில் கொழுந்தனார் பக்கத்திலேயே அமர்ந்து, திரையில் சூட்டின் அளவையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓர் இடத்துக்கு ஏறி அங்கேயே நின்றது. நாற்பது பக்கமும் முடிந்தன.

நான்கு நாளில் பதில் வந்தது. பதிவு சுத்தமாக இருக்கிறது, அடுத்த புத்தகத்தையும் அனுப்புகிறோம். முப்பத்திரண்டாம் பக்கத்தில் மட்டும் யாரோ கொட்டாவி விடுகிறார், அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசித்து அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள்.

அண்ணி அதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

"புதுக் காத்தாடி இல்லையா அண்ணி, ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்றார் அவர்.

அண்ணி அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு, முப்பத்திரண்டாம் பக்கத்தைப் புரட்டினார்.