கைதட்டாத கருப்பன்

மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் துரை, "லைட்டு போட்ற வேல" என்று சொல்லிவிட்டு அவசரமாக மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். திருக்கழுக்குன்றத்துக்கு மேற்கே வேர்க்கடலை போடுகிற மனிதர். அவரைப் பொறுத்தவரை லைட் போட வேண்டுமென்றால் ஏணி வேண்டும், ஒயர் வேண்டும், ஊரில் திருவிழா வேண்டும். செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் படிக்க வைத்த ஜெயப்பிரியா, ஏசி அறையில் சால்வை போர்த்திக்கொண்டு இல்லாத கட்டடத்துக்கு இல்லாத விளக்கைப் போடுகிறாள் என்பதை அவர் எந்த வாயால் சொல்வார்? சொன்னால் ஊர் சிரிக்காதா?

ஆனால் அவள் வேலை அதுவேதான். மாமல்லபுரம் போகிற சாலையில் இருந்த ஒரு அனிமேஷன் கம்பெனி, வெளிநாட்டுக்காரர்களுக்குக் குழந்தைகள் படம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. 2004இல் அப்படி வந்த ஒரு படத்தில் பெரிய உள்ளரங்கம் ஒன்று இருந்தது. நடுவில் பனித்தரை, அதன்மேல் சறுக்கிப் போட்டி போடும் கரடிக்குட்டிகள், சுற்றிலும் அடுக்கடுக்காகப் பல்லாயிரம் ஜனம், மேலே மூடிய கூரை. ஜெயப்பிரியா வாழ்க்கையில் பார்த்த பெரிய கூரை செங்கல்பட்டுக் கல்யாண மண்டபத்தோடு சரி. அவள் தலையில்தான் அந்த அரங்கம் விழுந்தது.

அரங்கத்துக்கு ஒளி வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கூரை விளக்கின் வெளிச்சம் பனித்தரையில் விழுந்து, அங்கிருந்து எழும்பி, முன்வரிசை முகங்களைக் கீழிருந்து தொட வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு வெளிச்சம் கொடுத்தால் அவ்வளவு பெரிய அரங்கம் மளிகைக் கடை மாதிரி ஆகிவிடும். மேலே போகப் போக இருட்ட வேண்டும், அப்போதுதான் தூரம் தெரியும். ஒளிப்பிரிவுத் தலைவர் ஹரிசங்கர் இதை ஓதிக்கொண்டே இருப்பார். தப்பாகச் செய்தால் திட்ட மாட்டார். நாற்காலியைச் சட்டென்று பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். அந்த நாற்காலிச் சத்தத்துக்குப் பயந்தே பிரிவு முழுவதும் ஒழுங்காக வேலை செய்தது.

அவ்வளவு ஜனத்தையும் ஒவ்வொருவராகச் செய்ய முடியுமா? முன்வரிசைகளை மட்டும் உருவமாகச் செய்துவிட்டு, பின்னால் நிஜ மனிதர்களின் புகைப்படத்தை அட்டை மாதிரி நிறுத்தி, ஒரே ஆளை நூற்றுக்கணக்கில் நகல் எடுத்துப் பரப்பிவிடுவது அங்கே வழக்கம். தூரத்தில் யாருக்குத் தெரியப் போகிறது? ஆள் பிடிக்கும் பொறுப்பை ஜெயப்பிரியா ஏற்றுக்கொண்டாள். கடப்பாக்கம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கூடை சுமந்து அவர்கள் ஊருக்கு மீன் விற்க வரும் ஞானம்மாளிடம் சொன்னாள். ஞானம்மாள் குப்பத்தில் பாதியைத் திரட்டிவிட்டாள்.

செப்டம்பர் வெயில். படத்தில் ஆளை மட்டும் வெட்டியெடுக்க வசதியாக மணலில் பச்சைத் துணி கட்டி, அதன் முன்னால் பெஞ்சு போட்டு, மீனவர்களுக்குக் கம்பளி சுவெட்டரையும் குல்லாவையும் மாட்டி உட்கார வைத்தார்கள். பனிநாட்டு ரசிகர்களாம். வியர்வை ஆறாக ஓட, எல்லாரும் சிரித்துச் சிரித்துக் கைதட்டினார்கள். ஞானம்மாளின் புருஷன் கருப்பன் மட்டும் சிவப்பு சுவெட்டருக்குள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெயப்பிரியா கெஞ்சிப் பார்த்தாள்.

"எதுர்ல ஒண்ணுமே நடக்கலியே பாப்பா. இன்னாத்துக்குக் கை தட்றது?" என்றார் கருப்பன்.

நியாயம்தானே என்று அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஹரிசங்கருக்கு வரவில்லை. கைதட்டாத ஆளை இருட்டாகப் போகிற மேல் அடுக்கில் போட்டு ஒப்பேற்றச் சொன்னார்.

டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஏறி வந்தது. தொலைவில் படகில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்த கருப்பனைக் காணவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஜெயப்பிரியாவின் அம்மா வசந்தா செய்தி கேட்டு அழுதாள். ஜெயப்பிரியாவும் அழுதாள், பிறகு வேலைக்குப் போனாள். சம்பளக்காரர் துக்கத்துக்கு ஆயுள் அவ்வளவுதான்.

பிப்ரவரியில் ஒரு நாள் அரங்கத்தின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, எந்த விளக்கு என்ன செய்கிறது என்று பார்க்க ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். மேல் அடுக்கு விளக்கைப் போட்டாள்.

கருப்பன் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இரண்டு ஆள் தள்ளியும் கருப்பன். அதற்குப் பின்னாலும், எதிர்ப்புறமும், மூலையிலும், சிவப்பிலும், கம்பெனிக்காரர்கள் நிறம் மாற்றிய நீலத்திலும் பச்சையிலும் கையைக் கட்டிய கருப்பன். அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். கை மவுஸிலிருந்து தானாக விலகியது. பக்கத்து இருக்கைக்காரன் ஏதோ கேட்டான், அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

அன்றைக்கு அந்த விளக்கை அவளால் அணைக்க முடியவில்லை. அணைக்க வேண்டும் என்று தெரியும். செத்த மனிதரை இன்னொரு முறை இருட்டில் தள்ளுகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் குறைத்துவிட்டு அப்படியே வைத்தாள். மறுநாள் ஹரிசங்கர் திரையை வெகுநேரம் பார்த்து, மேலே வெளிச்சம் தூக்கலாக இருக்கிறதே என்றார். கூரை அழகாகத் தெரிகிறது என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். அவர் நாற்காலி நகரவில்லை. காட்சி வெளிநாட்டுக்குப் போய்விட்டது.

மார்ச்சில் ஞானம்மாள் மறுபடி கூடையோடு வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வசந்தாவிடம் சொன்னாள்: "வூட்ல கீறது அல்லாம் போச்சிக்கா. மால போட்டு வெக்க ஒரு போட்டோ கூட இல்ல. கண்ண மூடுனா அவுரு முதுவுதான் தெரியுது. மொகம் வர்ல."

உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த ஜெயப்பிரியா சீப்பைக் கீழே வைத்தாள். நூற்றுக்கணக்கில் அந்த முகத்தைப் பார்த்தவள் அவள். முதலில் மணலில் எடுத்த மூலப் படத்தைத் தேடி எடுப்போம், கையில் கொடுத்துவிட்டே சொல்வோம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மூலப் படம் இல்லை. இடத்தை அடைக்கிறது என்று ஜனவரியிலேயே எல்லாவற்றையும் அழித்திருந்தார்கள். மிச்சம் இருந்தது அரங்கத்துக்குள் உட்கார்ந்திருந்த அட்டைகள்தான். அந்த இடியோடு நாற்காலிக்குத் திரும்பினால், வெளிநாட்டிலிருந்து பதில் வந்து காத்திருந்தது. அரங்கம் பிரமாதம். ஆனால் மேல் அடுக்கில் எங்கு பார்த்தாலும் ஒரே ஆள் கைதட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். அவரை எடுத்துவிட்டு வேறு ஆட்களை வைக்கவும். திங்கட்கிழமைக்குள்.

அவள் விளக்கு போடாமல் இருந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டார். இருட்டில் பத்திரமாக இருந்த மனிதரை அவளே வெளிச்சம் போட்டுக் காட்டிக் கொடுத்துவிட்டாள். எழுந்து போய் ஹரிசங்கரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். கருப்பனை மேலே போடச் சொன்னவர் அவர்தான். படம் வெளியாகும் வரை ஒரு துண்டுக் காகிதம்கூட இங்கிருந்து வெளியே போகக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும்தானே என்றார். தெரியும் என்றாள். வாசலில் பையைச் சோதிக்காமல் யாரையும் விட்டதில்லை.

"அந்தம்மாவ நாளைக்கு இங்க கூட்டிட்டு வா," என்றார். "யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

மறுநாள் ஞானம்மாள் கூடையைக் காவலாளியிடம் விட்டுவிட்டு, குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்தாள். வழியிலேயே ஜெயப்பிரியா விஷயத்தைச் சொல்லியிருந்தாள். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. பெரிய திரைக்கு முன் உட்கார வைத்தார்கள். அரங்கம் முழுவதும் தெரிந்தது. ஜெயப்பிரியா மேல் அடுக்கின் விளக்குகள் எல்லாவற்றையும், ஒன்றையும் குறைக்காமல் போட்டாள். பிறகு மெதுவாக அருகே கொண்டுபோனாள்.

ஞானம்மாள் அழவில்லை. கத்தவும் இல்லை. வாய் திறந்தபடி ஒரு கருப்பனிலிருந்து இன்னொரு கருப்பனுக்குப் பார்வை போய்க்கொண்டே இருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஹரிசங்கர் பக்கம் திரும்பினாள். கடையில் பொருள் கேட்கிற குரலில் கேட்டாள்.

"இத்தினி பேரு கீறாரே சாரு. ஒருத்தர எனக்குக் குடுத்துட்டா இன்னா?"

ஹரிசங்கர் நாற்காலியைச் சட்டென்று பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து போனார். டீ குடிக்கப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். பிரிண்டர் இருக்கும் அறையில் சத்தம் கேட்டது.

ஒரு தாளைக் கொண்டுவந்து ஞானம்மாள் கையில் கொடுத்தார். கிட்டத்தில் கொண்டுவந்ததால் படம் சற்று மங்கலாக இருந்தது. ஆனால் சிவப்பு சுவெட்டரும், கட்டிய கையும், கைதட்ட மறுக்கும் முகமும் கருப்பனேதான். வாசல்வரை தானே கூட வருவதாகச் சொல்லிவிட்டு ஹரிசங்கர் கதவருகே நின்றார்.

ஞானம்மாள் தாளை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தாள்.

"அன்னிக்கு ரொம்ப வேத்துப் போச்சி அவுருக்கு," என்றாள். முந்தானை நுனியை எடுத்து, காகிதத்தில் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.