கழுத்தில் நூல் கட்டிய பாட்டில்கள்

முளைவிட்ட சோளமும் வெல்லமும் சேர்ந்து புளிக்கிற மணம் எங்கள் வீட்டின் பின்பக்கத்தில், குளியலறைக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே இருந்த தகரக் கூரையின் கீழ், ஈரச் சாக்கின் வாடையோடு கலந்து எந்நேரமும் நின்றுகொண்டிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை இறக்கும்போதே மூக்கில் ஏறும். மற்ற வீடுகளில் அந்த மணம் இல்லை என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது.

என் அப்பா போர்வெல் ரிக் வண்டியில் ஆபரேட்டர். ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு ஒப்பந்தத்தில் போய், சில வருடங்கள் துளை போட்டுவிட்டு, முதுகெலும்பு தேய்ந்து எடப்பாடிக்குத் திரும்பியவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்தவற்றுள் எங்களுக்குப் புதிதாக இருந்தது, சோளத்தில் பீர் வைக்கும் கைப்பழக்கம் மட்டும்தான். "அங்கெல்லாம் ஊட்டுக்கு ஊடு பொம்பளைகளே வெப்பாங்க, அது அவங்களுக்கு மோர் மாதிரி" என்பார். இங்கே அது சட்டப்படி குற்றம் என்பதும் அவருக்குத் தெரியும். யாருக்கும் கொடுக்கமாட்டார், விற்கமாட்டார். பொழுது சாய்ந்ததும் ஒரு பாட்டிலைத் திறந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, மெதுவாகக் குடித்துவிட்டுச் சாப்பிட வருவார். விசைத்தறிக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாவுக்கு அது பிடிக்காது. "ஊரே கடைக்குப் போவுது. நீங்க மட்டும் ஏனுங்க ஊட்டையே கடையாக்கறீங்க?" என்பாள். அதற்கு மேல் சண்டை போடமாட்டாள். கடைக்குப் போகிற ஆண்கள் வீடு திரும்பும் விதத்தை அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

பாட்டில்கள் பழைய இரும்புக் கடையிலிருந்து வரும். மூடி அழுத்தும் கைமெஷின், சேலத்தில் மூடிப்போன ஒரு கலர் சோடாக் கம்பெனியிலிருந்து வந்தது. தகரக் கூரையின் கீழ் இருந்த சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மூடியிட்ட பாட்டில்களை அதற்குள் நிறுத்தி, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தி வைப்பார். எல்லாம் ஒரே பழுப்பு நிறம், ஒரே உயரம். எது போன வாரத்தது, எது நேற்றையது, எதில் இஞ்சி, எதில் வெல்லம் கூடுதல் என்று வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. "எதைய எப்ப மூடுனம்னு தெரியாம தொறந்தா மூஞ்சில அடிச்சுப்போடும்" என்று அப்பா சொல்வார். அதனால் அடையாளம் வைப்பது அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது.

முதலில் மரவள்ளி மாவுப் பசையில் காகிதம் ஒட்டினார். தண்ணீரில் அது இரண்டாம் நாளே உரிந்து மிதந்தது. மூடியின் மேல் பேனாவால் எழுதினார்; மூடி துருப்பிடித்து எழுத்தைத் தின்றுவிட்டது. அம்மாவிடம் இருந்த ஒரே நகப்பூச்சை வாங்கி, பாட்டில் கழுத்தில் பொட்டுப் பொட்டாக வைத்துப் பார்த்தார். அது நன்றாகத்தான் நின்றது, ஆனால் பூச்சு தீர்ந்துபோயிற்று. இன்னொன்று வாங்கித் தர அம்மா ஒப்பவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். தறிக்கொட்டாயில் அறுந்து விழும் "வேஸ்ட் நூலை" முந்தானையில் முடிந்துகொண்டு வந்து அவர் முன்னால் போட்டாள். "இதையக் கட்டித் தொலைங்க. பச்சை, நீலம், சிவப்புன்னு எல்லாங் கெடக்குது."

அன்றிலிருந்து நூல்தான். இஞ்சி போட்டதற்குப் பச்சை, சாதாரணமானதற்கு நீலம், வெல்லம் கூடுதலாகப் போட்டதற்குச் சிவப்பு. சிவப்பென்றால் குளிர்ச்சியில் வைத்துச் சீக்கிரம் குடித்துவிட வேண்டும். சாக்கை விலக்கினால் தொட்டிக்குள் பாட்டில்கள் கலர் கலராக, திருவிழாவுக்குப் போகும் பிள்ளைகள்போல நிற்கும். அப்பா குனிந்து கட்டும்போது நூலின் நுனியை நான் பிடித்துக்கொள்வேன். பேச்சு அதிகம் இல்லாத எங்கள் வீட்டில் அது ஒரு சந்தோஷம் என்றே இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படித் தோன்றவில்லை.

ஒரு சித்திரை மாதத்தில், புதிதாக வந்த சிவப்பு நூல் சாயம் விட ஆரம்பித்தது. தொட்டித் தண்ணீர் ரோஜா நிறமாயிற்று. பச்சையும் நீலமும் அதில் ஊறி, எல்லா நூலும் ஒரே மங்கலான நிறத்துக்கு வந்துவிட்டன. அம்மா அதைக் காட்டியபோது அப்பா, "எது எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியும், உடு" என்றார். உண்மையிலேயே அவருக்குத் தெரியும். தொட்டியின் எந்த மூலையில் எது என்பதை அவர் மனதில் வைத்திருந்தார்.

அந்த வாரம் நாமகிரிப்பேட்டையில் அவருடைய பெரியப்பா இறந்துபோக, அப்பா காலையிலேயே கிளம்பிவிட்டார். மதியம் குழாயில் தண்ணீர் வந்தது. கோடையில் பஞ்சாயத்துத் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். வந்தால் வீட்டிலுள்ள அத்தனை பாத்திரத்தையும் நிரப்பிக்கொள்ள வேண்டும். குடமும் அண்டாவும் நிறைந்த பிறகு, புதுத் தண்ணீர் பிடித்துவைக்க அம்மா தொட்டியையும் காலி செய்யத் தீர்மானித்தாள். பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த துணி துவைக்கும் கல்லின் மேல் வரிசையாக வைத்தாள். குழாயடியில் நின்ற எனக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

லாரி டயர் வெடித்தது போல ஒரு சத்தம். அம்மா கத்தவில்லை. இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினாள். விரல்களுக்கிடையே ரத்தம் வழிந்தது. மற்றொரு கண்ணால் என்னைப் பார்த்து, "தண்ணி வழியுது பாரு சாமி, கொழாய மூடு" என்றாள். நான் குழாயை மூடினேன். அதன் பிறகுதான் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

பக்கத்து வீட்டு அண்ணனின் ஆட்டோவில் சேலத்துக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன பாட்டில்மா?" என்று கேட்டார். "கலர் பாட்டலுங்க. வெயில்ல வெச்சுட்டேனுங்க" என்றாள் அம்மா. வலியிலும் அவள் குரல் தடுமாறவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். போலீஸ் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஆனாலும் தெரிந்திருந்தது. அன்று சாயங்காலமே கண்ணை எடுத்துவிட்டார்கள்.

அப்பா எழவு வீட்டிலிருந்து நேராக வந்தார். கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். "எந்த மூலையில இருந்ததைய எடுத்தே?" என்று கேட்டார். அம்மா, "எதா இருந்தா இப்ப என்னுங்க" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. எப்போது வரும் என்று காத்திருந்தது நினைவிருக்கிறது. வராண்டாவில் ஒரு பூனை தன் குட்டியை நக்கிக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அப்பா வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த பாட்டில்களின் மேல் நனைந்த சாக்கைப் போர்த்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து சாக்கடையில் ஊற்றினார். நுரை தெருவரைக்கும் போயிற்று. கேட்டவர்களிடம் பினாயில் என்றார். பிறகு ஒருநாளும் அவர் குடிக்கவில்லை; வீட்டிலும் இல்லை, கடையிலும் இல்லை. முதுகு வலியோடு மறுபடி ரிக் வண்டியில் ஏறி வடமாநிலங்களுக்குப் போய்விட்டார். வரும்போதெல்லாம் அம்மாவுக்கு எதிரில் உட்காராமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். அவள் அவரை ஒரு சொல்கூடக் குறை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. தறியில் இடப்பக்கம் அறுந்த நூல் அவளுக்குத் தெரியாமல் போனதால், முதலாளி அவளை ஊடை நூலைக் குச்சியில் சுற்றும் தார் வேலைக்கு மாற்றினார். உறவினர் எல்லோருக்கும் அது கலர் பாட்டில்தான். சொல்லிச் சொல்லி எனக்கே சில சமயம் அது கலர் பாட்டிலாகத்தான் தோன்றும்.

நான் இப்போது நாமக்கல்லில் ஒரு முட்டை ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் கூட வேலை செய்பவர் ஒருவர், பெங்களூரில் இருக்கும் தன் மகன் வீட்டிலேயே பீர் வைப்பதாகப் போனில் படம் காட்டினார். பாட்டில்களில் அச்சடித்த லேபிள். பெயர், மூடிய தேதி, எத்தனை நாளில் குடிக்கலாம் என்று எல்லாம் அழகாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்பா இறந்துபோய்ச் சில வருடங்களாகின்றன. அந்தத் தகரக் கூரை இல்லை. தொட்டியை இடித்துவிட்டு அங்கே மோட்டார் அறை கட்டியாயிற்று. அம்மா வேலை செய்த தறிக்கொட்டாய் இப்போது ஒரு மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் எடப்பாடிக்குப் போகிறேன். பேசிக்கொண்டே சில சமயம் மறந்துபோய் அவளுடைய இடப்பக்கம் உட்கார்ந்துவிடுவேன். பேச்சு நின்று கொஞ்ச நேரமாகும். அம்மா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, "போயிட்டயா சாமி?" என்பாள். அவள் கையைத் தொட்டு, "இங்கதாம்மா இருக்கேன்" என்பேன்.