ஏலத்தில் எடுத்த கோழி

அறுப்பின் பண்டிகையன்று மயிலாப்பூரில் எங்கள் கோயில் வாசலில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். பட்டினப்பாக்கத்து மீன்காரி மரியாள் தன்னிடமிருந்த ஒரே கோழியைக் காணிக்கையாகக் கொடுத்திருந்தாள். கொடுத்தவர்களே ஏலத்தில் கேட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அவளும் கேட்டாள். புதிதாக வக்கீலாகியிருந்த நான், பாதிரியார் பார்க்கட்டுமே என்று பல மடங்கு ஏற்றிக் கேட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். கோழி எனக்கு வந்தது.

மத்தியானம் மரியாள் என் வீட்டு வாசலில் நின்றாள். முந்தானையில் கொஞ்சம் நொய்யரிசி.

“புது எடம்யா, மெரண்டுகினு இருக்கும். நொய்ய போட்டாத்தான் அடங்கும்.”

உள்ளேயிருந்து குழம்பு மணம் வந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

“ஆண்டவருக்குக் குடுத்ததுதானே” என்று முந்தானையை முடிந்துகொண்டு போனாள்.

அந்தக் குழம்பை நான் சாப்பிட்டேன். அதைத்தான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.