வெர்லீன் ஸ்டாம்பரின் துப்பாக்கிக் குழல்

மண்டியிட்டபடியே அந்தக் கருவியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள் வெர்லீன் ஸ்டாம்பர். "இந்த வாட்டியும் பொய் சொன்னேன்னு வையி, கோழிக் கூண்டுக்கு முட்டுக் கொடுக்கத்தான் நீ லாயக்கு" என்பாள். கருவி மறுபடியும் கீச்சிடும். கத்தியால் கையகலத்துக்குப் புல்லை மூன்று பக்கம் அறுத்து, டப்பா மூடியைப் போல நிமிர்த்தி, மண்ணுக்குள் விரலை விட்டுத் துழாவுவாள். வெளியே வருவது பீர் டப்பாவின் இழுப்பு வளையமாக இருக்கும். அதைத் துடைத்து, வெயிலுக்கு நேரே தூக்கி, ஏதாவது வருஷம் பொறித்திருக்கிறதா என்று பார்ப்பாள். பொறித்திருக்காது. மேலங்கியின் இடப்பையில் போட்டுக்கொள்வாள். இடப்பை குப்பைக்கு, வலப்பை புதையலுக்கு. வலப்பையில் இன்றுவரை கைக்குட்டைதான் குடியிருக்கிறது.

உலோகம் தேடும் இந்தக் கருவியை அவள் ஒரு விதவையிடமிருந்து வாங்கினாள். வீட்டுச் சாமான்களை முற்றத்தில் பரப்பி விற்றுக்கொண்டிருந்த அந்த அம்மாள், "இத எடுத்துக்கிட்டா எங்க வீட்டுக்காரரு சாப்பாட்டுக்குக்கூட உள்ள வரமாட்டாரு" என்று அலுத்துக்கொண்டாளாம். வெர்லீன் அந்த இடத்திலேயே பணத்தை எடுத்து நீட்டிவிட்டாள். காரணம் ஹோபர்ட். அவள் கணவன். நிலக்கரிச் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து முகப்பு வராந்தாவில் ஆடும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் வாயால் வர்ணித்துக்கொண்டிருப்பவன். கருவியோடு காதை மூடும் ஹெட்போன் ஒன்றும் சேர்ந்தே வந்தது.

வெர்லீனுக்கு அறுபத்தேழு வயது. அதில் பாதிக்கு மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். சாயங்காலமானால் சீட்டுக்கு அடியில் பெருக்குவதும் அவள்தான் என்பதால், மனிதர்கள் எங்கே உட்கார்ந்தால் எதைத் தவறவிடுவார்கள் என்பது தனக்கு அத்துப்படி என்று நம்பினாள். ஹோபர்ட்டின் முப்பாட்டன் காலத்துப் பண்ணை அது. மரவீடு, சாய்ந்த புகையிலைக் கொட்டகை, ஓடைவரை சரியும் புல்வெளி. நூற்றைம்பது வருஷமாக ஆட்கள் உட்கார்ந்து எழுந்த நிலம் சும்மா இருக்குமா? துணிக்கொடிக்கு அடியில் வெள்ளிக்காசு இருக்கும் என்று தோண்டினாள். ஊக்குகள் கிடைத்தன. வாசற்படிக்குப் பக்கத்தில் தோண்டினாள். ஆணி. பழைய கக்கூஸ் இருந்த இடத்தில் ஒரு முழுக் கரண்டி கிடைத்தது. அதைப் பற்றிக் கணவனும் மனைவியும் இதுவரை பேசிக்கொள்ளவில்லை.

தோண்டியதை மூடுவதில்தான் அவளுடைய தேர்ச்சி. மண்ணை ஒரு துணியில் குவித்து, பொடிகூடச் சிந்தாமல் திரும்பக் கொட்டி, புல்மூடியைப் பொருத்தி, மிதித்து, தண்ணீர் தெளித்துவிடுவாள். மறுநாள் அங்கே தோண்டியதாக அவளே சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

கிழக்கு எல்லையில் ஒரு கருப்பு வால்நட் மரம் நிற்கிறது. வேலி எப்போதோ விழுந்து மட்கிவிட்டதால், மரம் ஸ்டாம்பர் வீட்டுடையதா, பக்கத்துப் பண்ணை டென்சில் கோம்ஸுடையதா என்பது கடவுளுக்கே வெளிச்சம். காய்களை வெர்லீன் பொறுக்குகிறாள். வண்டிப் பாதையில் பரப்பி, மேலே டிரக்கை முன்னும் பின்னும் ஓட்டித் தோலை நசுக்கி, குளிர்காலம் முழுவதும் கரியடைந்த விரல்களோடு திரிகிறாள். அந்தப் பருப்பைப் போட்டுச் செய்யும் கேக்கினால்தான் தேவாலய விருந்தில் அவளுக்கு முதல் மேஜை. டென்சிலோ மரத்தை வெட்டி விற்க ஆள் பார்த்துவிட்டான்.

"மகராசி, ஒரு கேக்குக்காக இவ்வளவு பெரிய மரத்த நிறுத்தி வெக்க முடியுமா?" என்றான் ஒருநாள்.

"ஏன் முடியாது? உன்ன எதுக்காக நிறுத்தி வெச்சிருக்கு? கேட்டோமா நாங்க?"

டென்சில் சர்வேயருக்குச் சொல்லி அனுப்பிவிட்டான்.

அந்தச் சர்வேயர் வருவதற்குச் சில வாரங்கள் முன்புதான் வெர்லீனுக்கு அடித்தது யோகம். வால்நட் மரத்துப் பக்கம் போனபோது கருவி அலறிய அலறலில் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டாள். ஒரு சாண் ஆழத்தில் இரும்பு, செங்குத்தாக. தோண்டத் தோண்டக் கீழே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் சங்கிலி கட்டி, மறுமுனையை டிரக்கில் மாட்டி, ஹோபர்ட்டை ஓட்டச் சொன்னாள். பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தது ஒரு துப்பாக்கிக் குழல்.

"வடக்கும் தெற்கும் அடிச்சுக்கிட்ட உள்நாட்டுப் போருதான். யாரோ ஒரு சிப்பாயி, போதும்டா சாமின்னு துப்பாக்கிய மண்ணுல குத்திட்டு வீட்டுக்கு ஓடியிருக்கான்" என்றாள்.

"தக்காளிச் செடிக்கு நட்டு வெச்சிருப்பாங்க" என்றான் ஹோபர்ட்.

சிப்பாய்தான் வென்றான். எண்ணெய் போட்டுத் தேய்த்து வராந்தாச் சுவரில் மாட்டினாள். பாதிரியார் வந்து பார்த்தார். தபால்காரர் தொட்டுப் பார்த்தார். டென்சில்கூட வந்து, ஒற்றைக் கண்ணால் குழலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று மனமில்லாமல் சொன்னான்.

பிறகு சர்வேயர் ராய்ஸ் டக்கெட் வந்தார். அவர் வண்டியிலிருந்து இறக்கிய இரும்பு தேடும் கருவியைப் பார்த்ததும் வெர்லீனுக்குக் கூட்டாளியைக் கண்ட பூரிப்பு. "உங்களுது வளையத்துக்கெல்லாம் கத்துமா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனாள். டென்சிலும் வந்து நின்றான். டக்கெட் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கருவி மூச்சு விடவில்லை.

"இங்கதானே இருக்கணும்" என்று முணுமுணுத்தார்.

"என்னத்தத் தேடுறீங்க?"

"எல்லை முளைங்க. அந்தக் காலத்துல இந்த மலைப் பக்கமெல்லாம் கல்லு நடமாட்டாங்க. வீட்டுல எந்த இரும்பு வீணாப் போச்சோ அத அடிச்சு எறக்கிருவாங்க. வண்டி அச்சு, ஒடஞ்ச துப்பாக்கிக் குழலு..."

வராந்தாவில் ஆடும் நாற்காலி நின்றது. ஹோபர்ட் எழுந்து, படியிறங்கி மரத்தடிக்கு வந்தான்.

டென்சில் திரும்பிச் சுவரைப் பார்த்தான். பிறகு புல்லிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். "எல்லையப் பிடுங்கி சொவத்துல மாட்டி வெச்சிருக்கா! எண்ணெ வேற போட்டு! நானும் வந்து பாத்து நல்லாருக்குன்னு சொன்னேனே!"

டக்கெட் சிரிக்கவில்லை. "மத்த மூலைங்கள வெச்சுக் கணக்குப் போட்டா முன்னப்பின்ன ஒரு ஆள் உசரம் தப்பும். மரம் அந்தத் தப்புக்குள்ளதான் நிக்குது. எங்கேருந்து எடுத்தீங்கன்னு காட்டுங்கம்மா. குழலு மரத்துக்கு உங்க வீட்டுப் பக்கமா இருந்திருந்தா மரம் இவருக்கு. அந்தப் பக்கமா இருந்திருந்தா உங்களுக்கு."

மண்டியிட்டுப் புல்லைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் தெரியவில்லை.

"நீங்க பாத்தீங்களா?" என்று ஹோபர்ட்டைக் கேட்டார்.

"நான் டிரக்குல முன்னால பாத்து ஓட்டிக்கிட்டிருந்தேங்க. சங்கிலியோட அந்த முனை அவ பொறுப்பு" என்றவன், மனைவியின் பக்கம் குனிந்து, "வெர்லீன், அவசரமே இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றான். யோசிப்பது என்றால் என்ன என்பதை அவனுடைய புருவங்கள் விளக்கின.

டென்சில் எழுந்து பின்புறத்தைத் தட்டிக்கொண்டான். சிரிப்பு போய்விட்டது. "அவளக் கேக்கவே வேணாம் சார். அந்தப் பக்கம்னுதான் சொல்லுவா. நானா இருந்தாலும் அதத்தான் சொல்லுவேன்."

அறுபத்தேழு வயதில் மறதி என்பது யாரும் வரி போடாத சொத்து. "ஞாபகமில்லியே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வழக்கு இன்னொரு தலைமுறைக்கு ஓடும், மரமும் நிற்கும், கேக்கும் வேகும். வெர்லீன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். அந்த வருஷம் காய்ப்பு வேறு அமோகம்.

மரத்தின் அந்தப் பக்கமாக நடந்து போனாள். டென்சில் 'சொன்னேனா இல்லையா' என்பதுபோல டக்கெட்டைப் பார்த்தான். அவளோ நிற்காமல் அடிமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, தன் வீட்டுப் பக்கத்துக்கே திரும்பி வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு நாலு எட்டு வைத்தாள். குதிகாலால் ஒரு இடத்தை அழுத்தினாள். ஹோபர்ட்டின் தோளைப் பிடித்துக்கொண்டு வலதுகால் ரப்பர் பூட்ஸை இழுத்துக் கழற்றி, அந்தப் புல்லின்மேல் நேராக நிறுத்தி வைத்தாள். ஒரு காலில் பூட்ஸும் மறுகாலில் கட்டைவிரல் துருத்திய காலுறையுமாக, ஈரப் புல்லில் தத்தித் தத்தி வீட்டைப் பார்த்து நடந்தாள்.