இரண்டு நாற்காலி

முதலில் நனைந்தது அவளுடைய வெள்ளை சாக்ஸ். தண்ணீர் பட்டிருக்கும் என்று நினைத்தேன். கழற்றிப் பார்த்தால் கணுக்காலுக்கு மேலே புண். சுற்றிலும் தோல் கறுத்துப் போயிருந்தது.

என் மனைவி நர்ஸ். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் வயது முழுக்க வேலை. நான் கம்பி மில்லில் கம்பிகளைக் கட்டாகக் கட்டுபவன். கை சுட்டுக்கொண்டு அங்கே போனபோதுதான் பழக்கம். அன்றைக்கு சிஸ்டர் என்று கூப்பிட்டது, கல்யாணத்துக்குப் பிறகும் வாயில் நின்றுவிட்டது. எங்கள் ஊர் எளாவூரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை.

நான் அதிகம் படித்தவன் இல்லை. வீட்டில் இப்படி ஒரு கால் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சென்னையில் டாப்ளர் ஸ்கேன் (காலில் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டுவது) எடுத்தார்கள். வெரிகோஸ் அல்சர் (ரத்தக்குழாய் வீங்கி, ரத்தம் மேலே ஏறாமல் தேங்கி வரும் புண்) என்றார் டாக்டர்.

“வேலையில ரொம்ப நேரம் நிப்பீங்களா?”

“எங்க வார்டுல நர்ஸுக்கு நாற்காலி கெடையாது சார். ஒக்காந்தா தூங்கிடுவோமாம்.”

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்து அவள் காலை அதன்மேல் வைத்தார். பிறகு, “இனிமே உக்காந்தா கால் கீழ தொங்கக் கூடாது. எதிர்ல எதையாவது போட்டு அதுமேல வைங்க” என்றார்.

லேசரில் அந்தக் குழாயை அடைத்தார்கள். புண் அவ்வளவு சீக்கிரம் ஆறவில்லை. வீட்டில் கட்டுப் போடுவது என் வேலை. முதல் நாள் முழங்காலில் தொடங்கிக் கீழே இறக்கினேன்.

“இன்னாயா, கம்பிக் கட்டா கட்டிக்கினு கீற? மேலேர்ந்து இறுக்குனா ரத்தம் எப்பிடி ஏறும்? வெரல்லேர்ந்து வா.”

அதனால் சொல்கிறேன். கட்டு கீழிருந்து மேலே வர வேண்டும். மேலே போகப் போக இறுக்கம் குறைய வேண்டும். விரல் நீலமானால் அவிழ்த்துவிட வேண்டும்.

பணி ஓய்வுக்குச் சில மாதம்தான் பாக்கி. மருத்துவமனை மேனேஜர் வீட்டுக்கு வந்தார்.

“ஒடம்பு முடியலன்னு எழுதிக் குடுத்துடுங்க சிஸ்டர். இன்னாத்துக்கு பேஜாரு? விழாவுல போடுற சால்வைய ஊட்டுக்கே அனுப்பிடுறோம்.”

“நின்னு நின்னு கால் போச்சுன்னு எழுதுறேன். வாங்கிக்கிறீங்களா?”

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் நானும் சொன்னேன். “உட்டுடு சிஸ்டர். கால் முக்கியம்.”

“முடியாதவன்னு வெளிய வர மாட்டேன். நர்ஸாதான் வருவேன். நீ கட்டப் போடு.”

போட்டேன். புண் சுருங்கி, மூடி, பழைய செப்புக்காசு நிறத்தில் தழும்பானது. ஸ்டாக்கிங்ஸ் (காலை இறுக்கிப் பிடிக்கும் நீளமான உறை) மாட்டிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போனாள். மிச்ச மாதங்களை முடித்தாள்.

கடைசி நாள் பாராட்டு விழா. மேடையில் டாக்டர்களுக்கு நாற்காலி, மேனேஜருக்கு நாற்காலி. ஓய்வு பெறும் நர்ஸ் ஓரமாக நின்று பேச்செல்லாம் கேட்டு, சால்வை வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். அங்கே அதுதான் வழக்கம்.

சீருடையோடு மேடை ஏறியவள் என்னைப் பார்த்தாள். “ரெண்டு சேர் எடுத்துக்கினு வாயா.”

“ரெண்டா?”

“ஒண்ணு எனக்கு. ஒண்ணு காலுக்கு.”

போட்டேன். நடுவில் உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தாள். மேனேஜர் குனிந்து, “அஞ்சு நிமிஷம்தானே சிஸ்டர்” என்றார். அவள் நகரவில்லை. பெரிய டாக்டர் நன்றாக வளைந்துதான் சால்வை போட முடிந்தது.

மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள்.

“இது சீக்கு இல்ல. இது என் சர்வீஸ். பின்னாடி நிக்குதுங்களே, அந்தப் பொண்ணுங்களுக்கு நாற்காலி போடுங்க.”

அவ்வளவுதான். சுவரோரம் நின்ற நர்ஸுகள் கைதட்டியது மட்டும் நிற்கவே இல்லை.

முடிந்ததும் ஒரு நாற்காலியை என் தலையில் ஏற்றி வார்டுக்கு நடந்தாள். பின்னாலேயே மேனேஜர் வந்தார். “சேர எடுத்த எடத்துல வையுங்க.”

“வைக்க வேண்டிய எடத்துல வச்சாச்சு சார்.”

அது இன்னும் வார்டு மேசைக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று கேள்வி.

இப்போது எங்கள் வீட்டில் கடிகாரம் அவள் கால்தான். காலையில் மெலிந்திருக்கும். பொழுது சாயச் சாயக் கனக்கும். கனத்தால் எந்த வேலையானாலும் அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். முன்பு சிப்காட் போகும் கம்பெனி பஸ் சத்தம் கேட்டால் எழுந்து ஓடியவள். இப்போது அது போகிறது, அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மில்லில் நானும் நாள் முழுக்க நிற்பவன்தான். வந்ததும் அவள் பக்கத்தில் உட்காருகிறேன். கால் வைக்கும் ஸ்டூலில் தன் காலைக் கொஞ்சம் நகர்த்தி, எனக்குப் பாதி தருகிறாள்.