அம்சக்கா சேற்றில் இறங்கினாள்

குடவாசல் பக்கத்தில் எங்கள் நடவுக் கோஷ்டியில் இருபத்திரண்டு பெண்கள். வேலை பேசி எங்களைக் கூட்டிப்போகிறவள் அம்சக்கா. எந்த நாள் யார் வயல் என்பதெல்லாம் அவள் தலைக்குள்தான் இருக்கும். நோட்டில் எழுதினால் கௌரவக் குறைச்சல். சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். மாத்திரை போடுவது தோன்றினால்தான். நடுவதையும் நாலு வருஷம் முன்பே விட்டுவிட்டாள். வரப்பில் நின்று எங்களை விரட்டுவாள், இனிக்க இனிக்க டீ குடிப்பாள், ஆட்டோவில் வீடு திரும்புவாள்.

போன குறுவை நடவில் மானம் போயிற்று. அரசப்பன் வயலுக்குப் போகவேண்டிய நாற்றுமுடிகளைப் பக்கத்து வயல்காரன் பரிதியின் வயலில் இறக்கச் சொல்லிவிட்டாள். அரசப்பன் உரம் வாங்கிக்கொண்டு வருவதற்குள் முக்கால் வயலை நட்டிருந்தோம். நட்டதைப் பிடுங்கவா முடியும்? அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பரிதியோ, "மிச்சத்தையும் நட்டுட்டுப் போங்கம்மா" என்று சிரிக்கிறான்.

"சந்தேகமா இருந்தா கேட்டிருக்கலாம்லக்கா?" என்றேன்.

"எனக்காடி சந்தேகம்?" என்று எகிறினாள்.

"இனிமே சந்திரலேகாவே பாக்கட்டும்" என்று பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். சந்திரலேகா நான்தான். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம், மறைப்பானேன்?

ஆனாலும் மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் நான்தான். சர்க்கரை முன்னூற்றுப் பத்து.

"இது கண்ணு காலோட நிக்காதும்மா, மூளையையும் தாக்கும். மாத்திரையை விடாதீங்க, உடம்பை அசைங்க, நேரத்துக்குத் தூங்குங்க. மறதி கொறையலாம், கூடாமயாவது இருக்கும்" என்றார் டாக்டரம்மா.

அடுத்த நாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். முதல் வாரம் நிமிர்வதற்கே நான் கைகொடுக்க வேண்டியிருந்தது. டீயில் சர்க்கரை நின்றது, ராத்திரிச் சோறு பாதியானது, சீரியல் ஒன்பது மணியோடு சரி. வயலுக்குப் போக வர நடைதான். துணைக்கு நடந்து எனக்கு முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம்.

சம்பா நடவுக்கு அரசப்பன் எனக்குத்தான் போன் செய்தார். "இனிமே நீதானம்மா? என்னைக்கு வர்றீங்க?" நான் ஆசைப்பட்டுக் காத்திருந்த போன். என்ன தோன்றியதோ, ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் இருந்த அக்காவிடம் நீட்டினேன்.

"திங்களும் செவ்வாயும் செல்லத்துரை, புதன் வீரமணி, வியாழன் உங்களுக்குங்க..." கடகடவென்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள்.

"ஆத்தங்கரை வயலா, கோயில் வயலாங்க? மறந்துபோச்சு. நீங்களே சொல்லிடுங்க."

இருபது வருஷத்தில் அவள் வாயிலிருந்து 'மறந்துபோச்சு' என்ற வார்த்தையை நான் கேட்டதே இல்லை. கண் கலங்கிவிட்டது.

"ஆத்தங்கரை வயல்தாம்மா" என்றார் அரசப்பன். "நீங்களே ஆளுங்களைக் கூட்டிட்டு வந்துடுங்க."