வளைவில் ஒரு கடல் விளக்கு

ஆன்சி கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் தேவர்சோலைக்கு அருகே, எஸ்டேட்டுக்குத் திரும்பும் வளைவில் கடல் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டவள் அவள்தான். எஸ்டேட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அந்தப் பெயரை அவள் மறுத்ததும் இல்லை.

விளக்கு, தூத்துக்குடிக்குப் பிழைக்கப் போய், விசைப்படகில் மீன்பிடிக்கும் தம்பி சகாயம் கொடுத்தது. படகு கவிழ்ந்தால் தண்ணீரில் மிதந்தபடி, காப்பாற்றச் சொல்லி, விட்டு விட்டு மின்னும் பேட்டரி விளக்கு.

காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் அந்த வளைவைக் கடந்தாக வேண்டும். பனிமூட்டத்தில் எதிரே வருவது மாடா லாரியா என்று தெரியாது. போன மழைக்காலத்தில் ஒரு ஜீப் மோதி, கூட வேலை செய்த ஜெயஸ்ரீக்குக் கால் போய்விட்டது. அங்கே ஒரு தெருவிளக்கு கேட்டு ஆன்சி நடந்த நடை கொஞ்சமல்ல. கடைசியில் தம்பியின் விளக்கை மரத்தில் கட்டினாள். யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று நினைத்து வண்டிகள் ஊர்ந்து போயின.

ஒருநாள் ஓர் அதிகாரி காரை நிறுத்தி இறங்கினார்.

“இது உயிராபத்துல இருக்கறவங்க போடற விளக்கும்மா. சும்மாவெல்லாம் போடக்கூடாது. கழட்டுங்க.”

ஆன்சி கூடையை இறக்கி, மரத்தடியில் வைத்து, மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“சும்மா யாருங்க போட்டா? தெனமும் உசுரக் கையில புடிச்சுட்டுத்தானுங்க இதத் தாண்டறோம்.”

“கடல்ல போடறத ரோட்டுல போடுவீங்களா?”

“கடல்ல போட்டா காப்பாத்த வருவாங்களாமுங்க. இங்க போட்டா, கழட்டறதுக்கு வர்றீங்க.”